ஐந்து இடாப்புகளும் ஒரு பிள்ளையும்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் முதலாம் திகதி இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாகக் கொண்டாடப்படுகின்றன. அன்று பத்திரிகைகளில் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளுடன் சிறப்புப் பக்கங்கள் வெளிவரும். பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கப்படும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் அத்தகைய சிறப்புப் பக்கங்கள் பலவற்றை நானும் தயாரித்திருக்கின்றேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தால், அந்த இரண்டு தினங்களுக்கும் உரியவர்கள் பல வளவுகளில் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காணலாம். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருப்பார். தந்தை தூர இடமொன்றில் கூலி வேலையில் இருப்பார், அல்லது குடும்பத்தை விட்டுப் போயிருப்பார். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் அம்மம்மாவும் பேரப்பிள்ளையுமே.

சிறுவர் துஷ்பிரயோகச் செய்தி ஒன்று வெளிவரும்போதெல்லாம் நமது மக்களிடமிருந்து எழும் குரல் ஒன்றே. "கடுமையான சட்டம் வேண்டும், தூக்கில் போட வேண்டும்" என்பார்கள். அந்தக் கோபத்தை நான் குறை கூறமாட்டேன். ஆயினும், பிள்ளைகளைக் காப்பதில் அரசின் கடமை நீதிமன்றத்தில் தொடங்குகின்றது என்ற எண்ணம் பிழையானது என்பதையே இத்தனை ஆண்டு அனுபவம் எனக்குக் கற்பித்திருக்கின்றது. வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது பிள்ளைக்கு நேர வேண்டிய கேடு நேர்ந்து முடிந்திருக்கும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே அந்தப் பிள்ளையைப் பற்றி அரசுக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான் இதில் வேதனையானது.

இதனை விளக்குவதற்கு வவுணதீவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மட்டக்களப்பு மக்கள் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைப்பார்கள். நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவின் தலைவாசல் அது. ஈச்சந்தீவு, கன்னங்குடா, குறிஞ்சாமுனை, கரவெட்டி, விளாவெட்டுவான், ஆயித்தியமலை, உன்னிச்சை என்று உள்ளே செல்லச் செல்ல வயலும் குளமும் காடுமாக விரியும் பிரதேசம். வேளாண்மை, கால்நடை, வாவி மீன்பிடி, நாட்கூலி ஆகியவையே தொழில்கள். மாலையானால் யானைப் பயத்தில் வீதி வெறிச்சோடும் கிராமங்கள் பல. போர்க்காலத்தில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையிலான எல்லை வவுணதீவிலேயே இருந்தது. ஒரு மூட்டை அரிசி கொண்டு செல்வதற்கும் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற மக்கள் இவர்கள். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து வந்த நாட்களை நேரில் பார்த்தவர்கள் மறக்க முடியாது.

மட்டக்களப்புக்கே உரிய இன்னொன்றையும் இங்கு கூற வேண்டும். இங்கு குடி என்பது தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பிள்ளைகள் தாயின் தாயோடும், பெரியம்மா சின்னம்மாமாரோடும் ஒட்டிய வளவுகளில் வளர்வது வழமை. ஒரு தாய் இல்லாத இடத்தில் நான்கு தாய்மார் இருப்பார்கள். சிறுவர் பாதுகாப்பு என்ற சொல் வருவதற்கு முன்னர் படுவான்கரையில் பிள்ளைகளைக் காத்தது இந்த ஏற்பாடுதான். போர் அதனைக் குலைத்தது. இடப்பெயர்வும், ஆண்களின் இழப்பும், கடனும், பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்பும் சேர்ந்து ஒட்டிய வளவுகளைத் தனி வீடுகளாக்கின. பெரியம்மாவும் குவைத்தில், சின்னம்மாவும் கட்டாரில் என்றால் அம்மம்மா ஒருவரால் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும்?

2018ஆம் ஆண்டு படுவான்கரையின் ஒரு கிராமத்தில் அத்தகைய அம்மம்மா ஒருவரைச் சந்தித்தேன். கிராமத்தின் பெயர் இங்கு வேண்டாம். அவரின் பேத்தி முதல் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாடசாலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வயது பதினைந்து. வகுப்பாசிரியரின் வரவு இடாப்பில் அவளின் பெயருக்கு எதிரே நாள்தோறும் 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டு வந்தது. தவணை முடிந்ததும் பெயரும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அவளின் பெயர் இன்னோர் அரசாங்க இடாப்பில் ஏறியது. அது குடும்பநல மருத்துவ மாதுவின் கர்ப்பிணித் தாய்மார் பதிவேடு. அயலில் கட்டட வேலைக்கு வந்திருந்த, அவளைப் போல் இரு மடங்கு வயதுடைய ஒருவர் அதற்குக் காரணம். இலங்கைச் சட்டப்படி பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சம்மதமே அல்ல. பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம் என்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நான் சென்றபோது அந்தப் பிள்ளை வேறொரு மாவட்டத்தில் உள்ள இல்லம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்தாள். வழக்குத் தவணைகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த அம்மம்மா யாரையும் திட்டவில்லை. "பள்ளிக்கூடத்தால ஒருத்தரும் வந்து கேக்கல்ல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்" என்று மட்டும் கூறினார்.

எதைச் சொல்லியிருப்பார் என்று கேட்டேன். தமக்குக் கண் பார்வை மங்கியதையும், மாதாந்த மருந்து எடுக்க நகர வைத்தியசாலைக்குப் போகும் நாளில் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டியிருந்ததையும், அப்படி நின்ற நாட்கள் கூடக்கூட அவளுக்குப் பாடசாலைக்குப் போகக் கூச்சம் வந்ததையும், சைக்கிள் பழுதடைந்ததையும், வேலைக்கு வந்த மனிதர் தண்ணீர் கேட்டு வளவுக்குள் வரத் தொடங்கியதையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் சிறிய விடயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு இருந்தது. யாராவது அந்தப் படலையைத் திறந்து உள்ளே வந்து கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று வீடு திரும்பும் வழியில் அந்தப் பிள்ளையின் பெயர் எத்தனை அரசாங்க இடாப்புகளில் இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். முதலாவது, பாடசாலை வரவு இடாப்பு. இரண்டாவது, பிறந்த நாளிலிருந்து அவளின் நிறையையும் தடுப்பூசிகளையும் பதிந்து வந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பதிவேடு. மூன்றாவது, குடும்பத்தில் யார் யார் இருக்கின்றார்கள் என்பதை அறிந்த கிராம உத்தியோகத்தரின் பதிவு. நான்காவது, குடும்பத்தின் வறுமையை அறிந்த சமுர்த்திப் பட்டியல். 2023ஆம் ஆண்டு முதல் அதன் இடத்தில் அஸ்வெசும வந்திருக்கின்றது. ஐந்தாவது, தாய் வெளிநாடு செல்லும்போது பிரதேச செயலக மட்டத்தில் தயாரிக்கப்படும் குடும்பப் பின்னணி அறிக்கை. தாய் வீட்டில் இல்லை, குடும்பம் வறுமைப்பட்டது, பராமரிப்பவர் முதியவர், பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை என்ற நான்கு உண்மைகளும் அரசின் கையில் இருந்தன. ஆனால் நான்கும் நான்கு மேசைகளில் கிடந்தன. அவற்றை ஒன்றாக வைத்து வாசிப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

சட்டங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சிறுவர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்களுக்கு எதிரான கொடூரமும் பாலியல் சுரண்டலும் தனித்தனிக் குற்றங்களாக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. சிறுவர் மருத்துவப் பேராசிரியரான ஹரேந்திர டி சில்வா அதன் முதலாவது தலைவராக இருந்தார். 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் கட்டணமின்றி அழைத்து முறையிடலாம். கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே, நான் மேலே குறிப்பிட்ட பிள்ளையைப் பாடசாலைக்குத் திரும்பக் கொண்டுவருவது அரசின் சட்டபூர்வக் கடமையாகவே இருந்தது.

உத்தியோகத்தர்களுக்கும் குறைவில்லை எனலாம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவு என்று வரிசை நீளும். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் மேலே பார்ப்பது வேறு வேறு திசைகளில். நன்னடத்தைச் சேவையும் பாடசாலைகளும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்திடம் போயின. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய திணைக்களத்தைச் சேர்ந்தவர். அதிகாரசபையின் உத்தியோகத்தர் அதிகாரசபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கிராம உத்தியோகத்தருக்கு இன்னோர் அமைச்சு, பொலிஸாருக்குப் பொலிஸ் மா அதிபர். பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழு என்ற பெயரில் இவர்களை ஒன்றாக அமர்த்தும் ஏற்பாடும் இருக்கின்றது. இத்தகைய கூட்டங்கள் சிலவற்றின் அறிக்கைகளை வாசித்திருக்கின்றேன். எத்தனை விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் நடத்தப்பட்டன என்பது அவற்றில் இருக்கும். பாடசாலையிலிருந்து விலகிய இந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யார், எந்தத் திகதியில் போவது என்பதை நான் எந்த அறிக்கையிலும் காணவில்லை.

இது வறிய நாட்டின் நோய் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். லண்டனில் 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பி உறவினரோடு அனுப்பப்பட்ட பிள்ளை அவள். அந்த உறவினரும் அவரின் துணைவருமே அவளைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அரசாங்கம் நியமித்த லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. நான்கு உள்ளூராட்சி மன்றங்களின் சமூக சேவைப் பிரிவுகளும், இரண்டு வைத்தியசாலைகளும், பொலிஸாரின் இரண்டு சிறுவர் பாதுகாப்புக் குழுக்களும் அந்தப் பிள்ளையை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றப் பன்னிரண்டு சந்தர்ப்பங்கள் இருந்தன என்று அறிக்கை கூறியது. அங்கு பணமும் இருந்தது, வாகனமும் இருந்தது, பயிற்சி பெற்ற ஊழியர்களும் இருந்தார்கள். இது என் பிள்ளை, இவளுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை. அந்த அறிக்கையின் விளைவாகவே பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வந்தது.

பொறுப்பைப் பகிர்வது எப்படி என்று படுவான்கரை மக்களுக்கு வெளியிலிருந்து எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் திருவிழாவைப் பார்த்தவர்கள் அறிவார்கள். எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு, எந்தப் பணி எவருக்கு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கின்றது. ஏதாவது ஒன்று தவறினால் வண்ணக்கர் பதில் சொல்ல வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கின்றது என்று நாம் சொல்கின்றோம். ஆனால் ஊர் வெறுமனே கூடுவதால் தேர் நகர்வதில்லை. வடத்தில் தன் கை எங்கே இருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருப்பதால்தான் நகர்கின்றது. "பிள்ளைகளைப் பாதுகாப்பது நம் அனைவரினதும் பொறுப்பு" என்ற சுவரொட்டி வாசகத்தில் எனக்குள்ள ஐயமும் இதுவே. அனைவரினதும் பொறுப்பு என்பது பல வேளைகளில் எவருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிடுகின்றது.

மேலே கூறிய ஐந்தாவது இடாப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டு, 2005ஆம் ஆண்டு பதினேழு வயதில் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். தம் பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காக 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரை அனுப்பியவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டிய வயதில் அரசு அவரைக் காணவில்லை. அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை முறை நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. ஏனைய தாய்மார் பிள்ளைகளின் பராமரிப்புக்கு ஏற்பாடு உண்டு என்று காட்ட வேண்டும் என்றாயிற்று. பொருளாதார நெருக்கடி வந்ததும், 2022இல் அமைச்சரவை அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது பிள்ளைக்குத் தாய் தேவைப்படும் காலமும் மூன்று ஆண்டுகள் குறைந்துபோயிற்று.

இந்த அறிக்கையின் நோக்கம் நல்லதே என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, வெளிநாடு செல்லும் தந்தையிடம் இப்படி எவரும் கேட்பதில்லை. பிள்ளை தாயின் பொறுப்பு மாத்திரமே என்று அரசே எழுதிக் கையொப்பமிட்டது போலாகிவிட்டது. தடுக்கப்பட்ட தாய்மார் முகவர்களின் துணையுடன் வேறு வழிகளில் சென்றார்கள். அவர்களின் பிள்ளைகள் எந்த அறிக்கையிலும் இல்லாமற் போனார்கள். இரண்டாவது குறை இதனிலும் பெரியது. அறிக்கை தாயின் பயணத்துக்கு முன்னர் எழுதப்படுகின்றது. பிள்ளைக்கு ஆபத்து தொடங்குவது பயணத்துக்குப் பின்னர். விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டுக்கு யார் போகின்றார்கள்? பாதுகாவலர் என்று கையொப்பமிட்ட முதியவர் நோயுற்றால் யாருக்கு அறிவிப்பது? அம்மம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கு அதை எவரும் சொல்லிவைக்கவும் இல்லை.

அரசு வீட்டுக்குள் வருவதை நமது மக்கள் விரும்புவார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. படுவான்கரைப் பிள்ளைகளை ஆயுதம் தாங்கியவர்கள் வீடு வீடாகச் சென்று கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள். 2004ஆம் ஆண்டு கருணா பிரிவுக்குப் பின்னர் வீடு திரும்பிய பிள்ளைகளில் பலர் மீண்டும் தேடப்பட்டார்கள். பின்னர் கருணா அணியினரும் அதையே செய்தார்கள். அதற்கு அரச படையினரில் ஒரு பகுதியினர் துணை நிற்பதாக ஐக்கிய நாடுகளின் விசேட ஆலோசகர் அலன் ரொக் 2006ஆம் ஆண்டு நவம்பரில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அரசு அதனை மறுத்தது. வேலியே பயிரை மேய்ந்த காலம் அது. பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று தாய்மார் நம்பினார்கள். பிள்ளை பற்றி உத்தியோகத்தர் எவராவது கேட்டால் இன்றும் சில வீடுகளில் முகம் மாறுவதற்கு அந்த நினைவுதான் காரணம். அந்த அச்சத்தை மதிக்காமல் இங்கு எந்தத் திட்டமும் வெற்றிபெறாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவருக்கு இதே அச்சம் வேறு வடிவில் இருக்கின்றது. நோர்வேயில் உள்ள தமிழ்ப் பெற்றோரிடம் 'பார்னவார்ன்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் உடனே வெளிப்படும். அந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. பிள்ளையைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்த ஒரு வழக்கில், குடும்ப வாழ்வுக்கான உரிமையை நோர்வே மீறியது என்று 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் தீர்ப்பளித்தது. ஆனால் அடி என்பது வளர்ப்பு முறை அன்று, குற்றம் என்பதை நம்மில் பலர் கற்றுக்கொண்டதும் அத்தகைய நாடுகளில்தான். அரசு பிள்ளையை அணுகும் முறையில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் கேட்க வேண்டும், பிறகு உதவ வேண்டும், வேறு வழியே இல்லாதபோதுதான் பிரிக்க வேண்டும். அங்கே சில வேளைகளில் முதற்படியிலேயே பிரிக்கப்படுகின்றது. இங்கே முதல் இரண்டு படிகளும் இல்லாமல், கேடு நடந்த பின்னர் பிரிக்கப்படுகின்றது. குற்றம் செய்தவர் பிணையில் ஊரில் நடமாட, பிள்ளை இல்லத்தில் அடைபட்டிருக்கும் நிலையைப் பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது?

இந்த அரசால் இது முடியாது என்று எவராவது கூறினால் அதனை நான் ஏற்கமாட்டேன். குடும்பநல மருத்துவ மாதுவின் பணியைப் பாருங்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993ஆம் ஆண்டு கண்டறியப்பட்டார். அதன்பின் இல்லை. போரின் நடுவிலும் தடுப்பூசி வாரங்கள் நடந்தன. ஒரு குழந்தைக்கு ஊசி போடும் நாள் தவறினால் மருத்துவ மாது வீடு தேடி வருவார். வயல் வரம்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். அந்தக் குழந்தைக்கு அவர்தான் பொறுப்பு என்பது அவருக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும், அவரின் மேலதிகாரிக்கும் தெரியும். ஊசி தவறினால் படலையைத் திறந்துகொண்டு வரும் அரசு, பாடசாலை தவறினால் ஏன் வருவதில்லை? இரண்டு வாரம் பாடசாலைக்கு வராத பதினைந்து வயதுப் பெண்பிள்ளையும் ஊசி தவறிய குழந்தையைப் போலத்தான். அவளுக்கு நேரவிருப்பது இன்னும் நேரவில்லை.

சுனாமியின் பின்னரும் இந்த அரசு தன் ஆற்றலைக் காட்டியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்கப் பலர் போட்டியிட்ட நிலையில், 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையைப் பொறுப்பாக்கி, வளர்ப்புப் பெற்றோர் முறைக்குச் சட்ட வடிவம் தரப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் இல்லங்களுக்குப் போகாமல் உறவினரிடமே வளர்ந்தார்கள். உறவினரைப் பலப்படுத்துவதே பிள்ளையைக் காக்கும் வழி என்று அன்று புரிந்த அரசுக்கு, அலை இல்லாத காலத்தில் அது மறந்துபோயிற்று.

பத்திரிகையாளர்களாகிய நமது பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இலங்கையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் குற்றமாகும். பெயரை நாம் வெளியிடுவதில்லை. ஆனால் கிராமத்தின் பெயரையும், கல்வி கற்கும் தரத்தையும், தாய் இருக்கும் நாட்டையும் எழுதிவிட்டால் இருநூறு குடும்பங்கள் வாழும் ஊரில் பெயர் எதற்கு? இன்று அந்த வேலையைப் படத்துடன் செய்து முடிக்கச் சமூக ஊடகங்கள் வந்துவிட்டன. அயலில் ஒரு பிள்ளை அப்படிச் சந்திக்கு இழுக்கப்பட்டதைக் கண்ட பிறகு எந்த அம்மம்மா 1929க்கு அழைக்கத் துணிவார்?

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். காரணமின்றித் தொடர்ந்து ஐந்து நாள் வராத பிள்ளையின் பெயர் வகுப்பறையிலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அங்கு அந்தப் பிள்ளைக்கென்று ஓர் உத்தியோகத்தரின் பெயர் எழுதப்பட வேண்டும். அவர் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குச் செல்ல வேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து இடாப்புகளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க வேண்டும். தாய் வெளிநாட்டில் உள்ள வீடுகளை மருத்துவ மாது குழந்தைகளைப் பார்ப்பது போல முறைவைத்துப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையை வளர்க்கும் முதியவருக்கு ஒரு சிறு மாதக் கொடுப்பனவு வேண்டும். ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் வீடுகளுக்குச் செல்லும் உத்தியோகத்தருக்கு எரிபொருட்செலவு வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நிதி தேவைப்படும், ஆனால் ஒரு பிள்ளையைப் பதினெட்டு வயது வரை இல்லத்தில் வைத்துப் பராமரிப்பதிலும் பார்க்க அது குறைவாகவே இருக்கும்.

வெளிநாடுகளில் இருந்து இதனை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு சிறுவர் இல்லங்களுக்கு நீங்கள் பணம் அனுப்புகின்றீர்கள். போர் நடந்த காலத்தில் அந்த இல்லங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அனாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிருடன் உள்ளவர்கள். வறுமையே அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்த்தது. இனிமேல் பணம் அனுப்புமுன், அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவின் வீட்டிலேயே இருந்து படிப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சைக்கிளும், மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியரும், மருந்து எடுக்கும் நாளில் அம்மம்மாவுக்கு ஒரு துணையும் போதுமாயிருக்கும். நீங்கள் அதைச் செய்யலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதையும், அந்தக் கடமையை அரசிடம் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் ஊரில் உள்ள உங்கள் உறவினருக்குச் சொல்லிவையுங்கள்.